ஜலதோஷத்துக்கு ஒரு செட்

போகிக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு என் நாத்தனார் வேலையிலிருந்து வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், எங்கள் தெருவுக்குள் தண்ணீர் லாரி நுழைந்த நேரத்தை அப்போதுதான் நான் நோட்டில் எழுதி முடித்திருந்தேன்.

"அண்ணி, போச்சு. பி.பி. ஏறிகினு கீதாம். வண்டி தரமாட்டாங்களாம்."

வண்டி என்றால் ஃபோர்க்லிஃப்ட், சரக்கைப் பலகையோடு தூக்கி நகர்த்துவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரிய கிடங்கில் ஆறு வருஷமாக அவள் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கிடங்கில் அதுவரை ஒரு பெண்ணும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியதில்லை. இந்த முறை பேக்கிங் பிரிவிலிருந்து இரண்டு பெண்களை எடுப்பதென்று முடிவானபோது முதலில் கை தூக்கியவள் இவள். ஒரு மாதப் பயிற்சி முடிந்துவிட்டது. எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் முடிந்துவிட்டன. மிச்சமிருந்தது உடல் தகுதிச் சான்றிதழ் மட்டும். அன்று காலை கிடங்குக்கு வந்த மருத்துவர் அளந்து பார்த்தபோது மேலே நூற்று ஐம்பத்திரண்டு, கீழே தொண்ணூற்றெட்டு. நாடித்துடிப்பும் வேகம். பொங்கல் முடிந்த திங்கட்கிழமை மறுபடி பார்க்கிறோம், அப்போதும் இப்படியே இருந்தால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வண்டி போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. எங்கள் காட்டுப்பாக்கம் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். இருசக்கர வண்டியாகட்டும், தெருவில் நிற்கும் குட்டி யானை சரக்கு வண்டியாகட்டும், சாவி கிடைத்தால் ஓட்டிப் பார்த்துவிடுகிறவள். அந்தப் பயிற்சி மாதத்தில் சாப்பிடும்போதுகூட இடது கை தட்டுக்குப் பக்கத்தில் ஏதோ லீவரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற என் கணவருக்கு மூன்று வருஷமாக ரத்தக்கொதிப்பு உண்டு. அந்த அனுபவத்தில் அவர், வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே தனக்குப் பத்து ஏறும், தங்கைக்கும் அதேதான் என்றார். எட்டிப்பார்த்த எதிர்வீட்டு அம்மா உப்பைக் குற்றம் சாட்டினார். நான் கணவருக்காக வாங்கிய, பி.பி. பார்க்கும் கைப்பட்டை மெஷினை எடுத்து அவள் கையில் கட்டினேன். நூற்று நாற்பத்தாறு. மறுநாள் காலை அவள் எழுந்ததும் கட்டினேன். நூற்று இருபத்துநாலு. இருபத்திரண்டு புள்ளி எங்கே போயிற்று? அந்தக் கேள்வி வந்த பிறகு என்னால் இட்லித் தட்டின் பக்கம் ஒழுங்காக நிற்க முடியவில்லை.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக நாளுக்கு அரைப் பக்கம் எழுதுகிறேன். நூலகத்திலிருந்து பழைய கல்வெட்டுத் தொகுதிகளையும் எவரெவரோ எழுதிவைத்த நாட்குறிப்புகளையும் கொண்டுவந்து படிப்பேன். அவற்றில் எனக்கு ருசிப்பது போர்கள் அல்ல. அன்று மழை பெய்ததா, யாருக்குக் காய்ச்சல், விளக்கெண்ணெய் யார் கொடுத்தார்கள் என்பதுதான். அதனால் நானும் அதையே எழுதுகிறேன். மின்சாரம் போன நேரம், முதல் மாம்பழம் வந்த நாள், யார் தும்மினார்கள். கணவரின் ரத்த அழுத்தத்துக்கு ஓரத்தில் தனிப் பத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரும் விளையாட்டுக்குக் கையை நீட்டுவாள், அதுவும் இருக்கும். எல்லா ஞாயிறும் அவளுக்கு நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபது.

புதன்கிழமை காலை இருவரும் வேலைக்குப் போனதும், தைக்க வேண்டிய ரவிக்கைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டைத் தையல் மெஷின் மேஜையில் விரித்தேன். செவ்வாயிலிருந்து பின்னோக்கிப் படித்தேன். திங்கட்கிழமை வரி: "பாடியில் பஸ் மாறும்போது ஜலதோஷத்துக்கு மூன்று செட் வாங்கி வந்தாள்." செவ்வாய் வரி: "காலை பஸ் ஏறுமுன் ஒரு செட் போட்டாள். மதியத்துக்கு ஒன்று பையில்."

செட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருந்துக்கடையில் போய் ஜலதோஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரர் நாலு டப்பாவைத் திறந்து, வெட்டி வைத்திருக்கும் அட்டைத் துண்டுகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி, சின்னக் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுப்பார். ஓர் உறை ஒரு வேளைக்கு. ஆரஞ்சில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் இரண்டு. பெயர் கிடையாது. காலாவதித் தேதி கிடையாது. பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் கையில் வாங்காத நான், இந்த உறைகளை வருஷக்கணக்காக வீட்டுக்குள் விட்டிருந்தேன்.

இன்னும் பின்னால் போனேன். பயிற்சியின் மூன்றாம் வாரம், வியாழன். "காலையில் தும்மல் நிற்கவில்லை, செட் போட்டாள். மாலை முகம் வாடி வந்தாள். மதியம் வண்டி ஓட்டுகையில் கண் சொருகிற்றாம், ஓரத்தில் வைத்த கூம்பை இடித்தாளாம், கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்களாம்." அதற்கு முன் வாரம்: "செட் போட்டாள். இரவு தூக்கமில்லை, நெஞ்சு படபட என்கிறதாம், பயிற்சி பயம்." பயம் என்று எழுதியது நான்தான்.

எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். வரிகள் அப்படியே இருந்தன. செட் போட்ட நாட்களில் ஏதோ ஒன்று நடக்கிறது, போடாத ஞாயிறுகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரே உறை ஒரு நாள் தூங்கவைத்து இன்னொரு நாள் விழிக்கவைக்குமா? அது இடித்தது. அதே பக்கத்தின் ஓரப் பத்தியில் கண் விழுந்ததும் இன்னொன்றும் இடித்தது. "மீந்த செட்டை அவருக்குக் கொடுத்தேன்." மறுநாள் அவர் அழுத்தம் கூடுதல். அதற்குக் கீழே என் கையெழுத்தில்: "ஊறுகாயை நிறுத்தினேன்." ஐந்து வாரமாக அந்த மனிதர் ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மதிய இடைவேளைக்கு நாத்தனாருக்கு போன் செய்தேன். டெஸ்டுக்கு முன்னால் செட் போட்டாயா என்று கேட்டேன்.

"பின்ன? டாக்டர் மூஞ்சிலயே தும்ம சொல்றியா?"

"ஃபார்ம்ல, மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டிருப்பாங்களே."

"இல்லன்னு டிக் போட்டேன். நா எங்க மருந்து சாப்ட்டேன்? டாக்டர் எழுதி குடுத்தா மருந்து. இது செட்டு தான அண்ணி."

என்னால் கோபப்பட முடியவில்லை. என் நோட்டிலும் அது மருந்து என்ற தலைப்பின் கீழ் ஒருநாளும் வந்ததில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாடி மேம்பாலத்துக்குக் கீழே இருந்த அந்தக் கடையில் நின்றேன். செட்டில் என்னென்ன போடுகிறீர்கள், அட்டைகளைப் பார்க்கலாமா என்று கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாக்கா, டிவியா?"

தையல்காரி என்றேன். வீட்டில் ஒருத்திக்கு வேலை போகிற நிலைமை என்றும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கூட்டம் குறையட்டும் என்று நிற்கவைத்து, பிறகு நாலு அட்டையையும் கண்ணாடி மேல் வரிசையாகப் போட்டார். எழுத்து எறும்பு அளவு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ஆரஞ்சு மாத்திரை ஒன்றல்ல, மூன்று மருந்துகள் சேர்ந்தது. தும்மலையும் அரிப்பையும் அடக்க குளோர்பெனிரமின், அடைத்த மூக்கைத் திறக்க பினைலெப்ரின், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். மஞ்சள் தனியாக இன்னொரு ஒவ்வாமை மருந்து, செட்ரிசின். வெள்ளையில் ஒன்று மறுபடியும் பாராசிட்டமால். கடைசி வெள்ளை வெறும் வைட்டமின். ஒரே வேளைக்கு ஒவ்வாமை மருந்து இரண்டு, காய்ச்சல் மருந்து இரண்டு. ஆரஞ்சு அட்டையின் ஒரு மூலையில் தூக்கம் வரலாம், வண்டியோ இயந்திரமோ ஓட்டாதீர்கள் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கத்தரி அந்த வரியின் நடுவே போயிருந்தது.

பி.பி. இருப்பவர்களுக்கும் இதேதானா என்று கேட்டேன்.

"கீதுன்னு சொன்னா தரமாட்டேன்கா," என்றார் அவர். "சொல்லமாட்டாங்களே. லாரி ஓட்றவன், லேத்து ஓட்றவன், எல்லாம் பஸ்ஸு போவுது, சீக்கிரம் குடுன்னு நிப்பான். உன்ன மாதிரி அட்டைய காட்டுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. விழிக்கவைப்பதும் தூங்கவைப்பதும் ஒரே மாத்திரைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மாலை நாத்தனாரையும் கணவரையும் எங்கள் தெருமுனை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். மருத்துவர் அம்மையார் நான் எழுதிக்கொண்டுபோன தேதிகளையும் அட்டைப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். நான் துள்ளிக்கொண்டிருந்ததை அவர் கொஞ்சம் அடக்கினார்.

"இதுதான் காரணம்னு இப்பவே சொல்லமாட்டேன். இருக்கலாம். நிறுத்திட்டு அளந்து பாப்போம்."

பிறகு விளக்கினார். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து, மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அது மூக்கோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அழுத்தம் ஏறும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும். ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு, தைராய்டு, கண் அழுத்தம், சிறுநீர் போவதில் சிரமம் என்று எது இருந்தாலும் கேட்காமல் போடக் கூடாது. அதைச் சொல்லும்போது என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வாமை மருந்து இரண்டைச் சேர்த்துப் போடுவதால் தும்மல் இரண்டு மடங்கு நிற்காது, மயக்கம்தான் கூடும், குடிப்பவர்களுக்கு இன்னும் மோசம் என்றார். கூட்டு மாத்திரை கெட்டதில்லை, அது தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்து, அளவோடு, சில நாளைக்கு மட்டும், அதே மருந்து வேறெதிலும் இல்லை என்று பார்த்துக்கொண்டு போட வேண்டும்.

நாத்தனாருக்கு அட்டைத் தூசிதான் எதிரி என்று முடிவாயிற்று. வேலையில் முகக்கவசம், மாலையில் உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவுவது, தினமும் மூக்கில் அடிக்கும் ஒரு ஸ்பிரே. அது வேலைசெய்யச் சில நாள் ஆகும் என்றார். ரொம்ப முடியாமல் போனால் போட, ஒவ்வாமைக்கு ஒரே ஒரு மாத்திரை எழுதினார். வீட்டில் இருக்கிற நாளில் மட்டும், வண்டியைத் தொடாத நாளில் மட்டும், தனக்கு போன் செய்துவிட்டு.

சனிக்கிழமை முதல் காலையும் மாலையும் அளந்தோம். நூற்று இருபத்திரண்டு, நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபது. ஒவ்வொரு தடவையும் பட்டை இறுகும்போது மூன்று பேரும் மூச்சை அடக்கினோம். அப்படி அடக்கினால் தனக்கும் ஏறும் என்று நாத்தனார் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

பிறகு போகி வந்தது. விடிகாலை ஐந்து மணிக்கே தெருவில் பாய், தலையணை எல்லாம் எரிந்தன. யாரோ டயரும் போட்டிருந்தார்கள். புகை ஜன்னல் இடுக்கு வழியாக மாடிக்கு ஏறிற்று. இருபத்தேழு தும்மல் வரை எண்ணினேன். அவள் கண் சிவந்து, மூக்கு வீங்கி, பையைக் கொட்டித் தேடி ஒரு காகித உறையை எடுத்தாள். அந்தத் திங்கட்கிழமை வாங்கியதில் மீந்த மூன்றாவது செட்.

"ஒண்ணே ஒண்ணு அண்ணி. டெஸ்டுக்கு இன்னும் அஞ்சு நாள் கீது. அதுக்குள்ள எறங்கிடாதா?"

இறங்கிவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவள் உறையைக் கையில் வைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்து இன்னும் நாலு தும்மல் தும்மினாள். பிறகு உறையை என்னிடம் நீட்டினாள்.

"வேணாம். ஏறுறது நானா, மாத்திரையான்னு எனக்கே தெரியணும்."

மருத்துவர் போன் எடுக்கும்வரை ஈரத்துண்டைக் கதவிடுக்கில் அடைத்துக் காத்திருந்தோம். எடுத்ததும், இன்று விடுமுறைதானே, எழுதிக்கொடுத்த அந்த ஒற்றை மாத்திரையைப் போடச் சொன்னார். போட்டாள். தும்மல் தணிந்தது. பதினொன்றரை வரை அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். எழுந்ததும் மெஷினைக் கட்டினேன். நூற்று இருபது, எழுபத்தெட்டு. நாடி எழுபத்துநாலு. மாலையிலும் அதே. மூக்கு அடைத்தபடியே இருந்தது, அழுத்தம் மட்டும் ஏறவே இல்லை. நான் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். மூக்கைத் திறக்கிற மருந்து இல்லாமல் ஒவ்வாமை மருந்து மட்டும் போனால் அழுத்தம் சும்மா இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றே அவளை அரை நாள் சாய்த்துவிட்டது. அந்தக் கூம்பை இடித்தது யார் என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு நாளை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று மருத்துவர் மறுபடியும் சொன்னார். ஆனால் அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். உள்ளே விடமாட்டார்கள், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். நடந்ததை அவள் பிறகு சொன்னாள். ஃபார்ம் கைக்கு வந்ததும் கூட வேலைசெய்பவர்கள் சூழ்ந்துகொண்டார்களாம். இப்போதும் இல்லையென்றே போடு, ஆமாம் என்று எழுதினால் போன தடவை பொய் எழுதியதாக ஆகிவிடும், பாதுகாப்பு அதிகாரி அதற்காகவே தூக்கிவிடுவார் என்று. அதில் நியாயம் இருந்தது. அழுத்தம் இறங்கியிருப்பது அவளுக்குத் தெரியும். சும்மா கையை நீட்டினாலே சான்றிதழ் கிடைக்கும். வாயைத் திறந்தால்தான் ஆபத்து.

அவள் ஆமாம் என்று எழுதினாள். செட்டில் இருந்த நாலு மாத்திரை, போட்ட தேதிகள், நிறுத்திய தேதி, மூக்கு ஸ்பிரே, போகியன்று போட்ட ஒன்று, எல்லாவற்றையும் எழுதினாள். அதிகாரி இரண்டு ஃபார்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, போன தடவை இல்லை என்று எழுதியிருக்கிறாயே என்று கேட்டார்.

"அப்ப அது மருந்துன்னே தெரியாது சார். மருந்துன்னு தெரிஞ்சும் போட்டுகினு வண்டில ஏறுனா நீங்க திட்டணும், இப்ப தெரிஞ்சிகினு சொல்றதுக்கு இல்ல."

அவர் கிடங்கு மருத்துவரைப் பார்த்திருக்கிறார். மருத்துவர் அவளைப் பார்க்காமல் வெளியே பெஞ்சில் காத்திருந்த ஐந்து பேரிடம் திரும்பி, இன்று காலை கடை மாத்திரை போட்டவர்கள் யார், ஒன்றும் செய்யமாட்டேன், சொல்லுங்கள் என்றார். முதலில் ஒரு கை. பிறகு இன்னொன்று. மூன்றாவது கை, இல்லையென்றே போடு என்று அவளுக்கு யோசனை சொன்ன ஆளுடையது. ஃபார்மில் இருந்த கேள்விக்குக் கீழே மருத்துவர் தன் பேனாவாலேயே எழுதினார்: கடையில் வாங்கும் செட் உட்பட.

அதற்குப் பிறகுதான் அவள் முறை. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்து, மூன்று தடவை அளந்தார். நூற்று இருபத்திரண்டு. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபது. தூக்கம் தரும் எதையும் போட்ட நாளில் வண்டியில் ஏறக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட்டு பேக்கிங்கில் நிற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் போட்டார்.

இதெல்லாம் தெரியாமல் நான் மூன்றாவது டீயோடு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி உள்ளே போவதற்காகக் கேட் திறந்தது. முற்றத்தில் ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு ஃபோர்க்லிஃப்ட் வந்தது. தலைக்கவசத்துக்குக் கீழே முகக்கவசம். அதற்கு மேலே எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு கண்கள். டம்ளரை வைக்க இடம் தேடாமல் அப்படியே ரோட்டைத் தாண்டிக் கேட்டுக்கம்பி வரை போய்விட்டேன். முன்னால் பெட்டிகள் அடுக்கிய பலகை. அவள் நேராக லாரியை நோக்கி வந்தாள், பாதி தூரத்தில் சட்டென்று நின்றாள். பலகை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கை பிரேக்கை இழுத்தாள். இரண்டு கையையும் எடுத்து முழங்கையை முகத்தின் மேல் வைத்து, தோள் குலுங்க மூன்று தடவை தும்மினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு பலகை உயர்ந்தது.